பருத்திக்கு வைத்த சூடு

3-8-2025, ஞாயிறு

வீரலட்சுமி பதினொரு மணிக்கு இஸ்திரிப் பெட்டியின் முன் நின்றாள். ஒன்றேகாலுக்குத்தான் நகர்ந்தாள். என் சட்டை ஏழு, வேட்டி மூன்று, மகன் விஜயகுமாரின் சட்டை ஐந்து, மருமகள் காவியாவின் கம்பெனிச் சட்டை இரண்டு. அதற்கு மேல் தலையணை உறைகள், கைக்குட்டைகள், என் பனியன்கள். பனியனை யார் பார்க்கப் போகிறார்கள்? இடையில் மூன்று முறை பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வலது தோளைப் பிடித்துக்கொண்டாள்.

'போதும், விடு' என்று சொல்ல வாயெடுத்தேன். எந்த முகத்தோடு சொல்வது? இந்தப் பழக்கத்தை உண்டாக்கியவனே நான். கல்யாணமான புதிதில் அவள் தேய்த்துக் கொடுத்த சட்டையில், காலர் ஓரம் ஒரு மடிப்பு இருந்தது. நான் திட்டவில்லை. கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வேறொன்றைப் போட்டுக்கொண்டு ஷிஃப்டுக்குப் போனேன். அவ்வளவுதான். அதன் பிறகு நாற்பத்தொரு வருடத்தில் ஒரு மடிப்பு கூட நான் பார்த்ததில்லை.

ஓசூர் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் அளவு சரிபார்த்தேன். நூலளவு பிசகிய பாகத்தைப் பேசாமல் தனியே எடுத்து வைப்பது என் வேலை. அதையே வீட்டிலும் செய்திருக்கிறேன்.

5-8-2025, செவ்வாய்

காவியாவுக்குப் போச்சம்பள்ளியில் வேலை. கம்பெனிச் சட்டை கசங்கியிருந்தால் கேட்டில் ஏதாவது சொல்வார்களா என்று கேட்டேன்.

"அத யாரு பாக்கறாங்க மாமா. பஸ்ல ஒன்றரை மணி நேரம் உக்காந்து போனாவே கசங்கிருது. கறை, கிழிசல் இருந்தாத்தான் நிறுத்துவாங்க" என்றாள்.

அப்படியானால் வாரம் தேய்க்கும் நாற்பது சொச்சம் துணிகளில் எதற்கு உண்மையில் தேவை? கல்யாணத்துக்கும் பென்ஷன் ஆபீசுக்கும் போட்டுப்போகும் ஒரு சட்டை. மற்றதெல்லாம் உதறிக் காயப்போட்டு, கையால் நீவி மடித்தாலே போதும். கணக்கு எனக்குத் தெளிவாகத்தான் இருக்கிறது. வீரலட்சுமியிடம் சொல்லும் தைரியம்தான் இல்லை. அவள் வீட்டில் இல்லாத நேரத்தில் பாதியை நானே தேய்த்து வைத்தால் என்ன?

6-8-2025, புதன்

மழை இல்லை. பால் அரை லிட்டர் குறைவாகக் கிடைத்தது.

7-8-2025, வியாழன்

நேற்றைய பக்கத்தில் பொய் இல்லை. ஆனால் நடந்ததும் இல்லை. இப்போது எழுதுகிறேன்.

நேற்றுக் காலை வீரலட்சுமி, காவியாவின் கம்பெனிச் சட்டை ஒன்றையும் சேர்த்துச் சில துணிகளைத் தேய்த்துவிட்டு, மீதியை வைத்துவிட்டு ரேஷன் கடைக்குப் போனாள். அவள் அந்தப்பக்கம் போனதும் நான் பெட்டியை எடுத்தேன். முதலில் என் வேட்டி. நன்றாகவே வந்தது. அந்தத் துணிச்சலில் காவியாவின் இன்னொரு சட்டையை விரித்தேன். அது பாலியஸ்டர். பெட்டியின் சூடு பருத்திக்கு வைத்தபடியே இருந்தது. நான் பார்க்கவில்லை. ஆயுள் முழுக்க அளவு பார்த்தவன்!

வைத்ததும் ஒட்டிக்கொண்டது. ஒரு நாற்றம். எடுத்துப் பார்த்தால் பைக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு உருகி, பளபளவென்று ஒரு தடம்.

சட்டையை மடித்து, அவள் தேய்த்து வைத்த அடுக்கின் நடுவில் செருகினேன். பெட்டியின் அடியைச் சுரண்டித் துடைத்தேன். ஜன்னலைத் திறந்து விட்டேன். எவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்கிறேன் பாருங்கள் — யாரிடம் சொல்கிறேன் இதை?

சாயங்காலம் காவியா சட்டையை விரித்தாள். வீரலட்சுமி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"ஒண்ணுதான தேச்சன்... ரெண்டுமா தேச்சுட்டன்? இது கூடத் தெரியாம நின்னனா?"

"பரவால்ல அத்தை, கம்பெனி ஸ்டோர்ல வேற கேட்டுக்கறன்" என்றாள் காவியா.

நான் பேப்பருக்குப் பின்னால் இருந்தேன். அரை மணி நேரம் ஒரே பக்கம்.

9-8-2025, சனி

போன மாதம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வீரலட்சுமி மறந்துபோனாள். விஜயகுமார் அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கிறான். அவனோடு வேலை செய்யும் ஒருவரின் அம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்ததாம். பதினாறாம் தேதி ஆஸ்பத்திரியில் ஞாபகசக்திப் பரிசோதனைக்குப் பதிந்துவிட்டான். இஸ்திரிப் பெட்டி பரண் மேல் ஏறிவிட்டது. அடுப்படியில் தனியாக நிற்காதே என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னான். சரியென்று தலையாட்டினாள். அவளா தலையாட்டினாள்?

காவியாவுக்கு மாற்றுச் சட்டை இன்னும் வரவில்லை. இருக்கும் ஒன்றைத்தான் வந்ததும் துவைத்து, ஃபேனுக்கடியில் போட்டு, மறுநாள் போட்டுப்போகிறாள்.

வீரலட்சுமியின் தோள்வலி குறைந்திருக்கிறது. நான் விரும்பியதும் அதுதானே? இதுவும் நன்மைக்குத்தானோ என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதையும் எழுதி வைக்கிறேன்.

12-8-2025, செவ்வாய்

மத்தியானம் வீரலட்சுமி என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நீங்கதான் எல்லாம் எழுதி வெப்பீங்களே. அன்னிக்கு நான் எத்தன துணி தேச்சன்னு உங்க நோட்டுல இருக்கா பாருங்க."

ஆறாம் தேதிப் பக்கத்தைத் திறந்து வாசித்தேன். மழை இல்லை. பால் அரை லிட்டர் குறைவு.

"வேற ஒண்ணும் இல்லீங்களா?"

இல்லை என்றேன். அடுத்த பக்கம் என் கட்டைவிரலுக்கு அடியில் இருந்தது.

"பாலு கொறஞ்சது கூட எனக்கு ஞாபகம் இல்லீங்க" என்றாள்.

பால் வாங்கப் போனது நான். அதையாவது சொல்லியிருக்கலாம்.

13-8-2025, புதன்

காய் வாங்கக் கிளம்பினோம். இஸ்திரிப் பெட்டியின் ஸ்விட்சை அணைத்தோமா என்று பார்க்க வீரலட்சுமி மூன்று முறை பூட்டிய கதவைத் திறந்தாள். பெட்டி பரண் மேல் இருக்கிறது.

15-8-2025, வெள்ளி

எல்லோருக்கும் விடுமுறை. தெருவில் கொடியேற்றம். வீரலட்சுமி என் வெள்ளைச் சட்டையை இரண்டு கையிலும் ஏந்திக் கொண்டு வந்தாள்.

"ராத்திரி மெத்தைக்கடியில வெச்சிருந்தன். பாதி மடிப்பு போயிருக்குது. பெட்டியத் தொட பயமா இருக்குதுங்க. இன்னிக்கி ஒரு நாளு அனுசரிச்சுக்குங்க."

நாற்பத்தொரு வருடத்துக்குப் பிறகும், நான் கழற்றி மாட்டிய அந்தச் சட்டை ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கிறது அவளுக்கு.

இந்த நோட்டை எடுத்து ஏழாம் தேதிப் பக்கத்தை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தாள்.

"கண்ணாடி இல்லாம எனக்கு எழுத்து தெரியாது. வாயத் தொறந்து சொல்லுங்க."

விஜயகுமாரும் காவியாவும் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சொன்னேன். எனக்கே கேட்காத குரலில் ஒரு தடவை. பிறகு இன்னொரு தடவை.

"எந்தச் சூட்டுல வெச்சீங்க?"

"பருத்தியில."

அவள் காவியாவின் பக்கம் திரும்பினாள். "உன் சட்டைக்கு அந்தச் சூடு நான் வெக்க மாட்டன் கண்ணு. எனக்குத் தெரியும்."

அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டாள். "ஒம்பது நாளா என் மண்டைக்குள்ள ஓட்டை விழுந்துருச்சுன்னு நெனச்சிட்டிருந்தன்." இதை யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

விஜயகுமார் கை கழுவிவிட்டு வெளியே போனான். போகும்போது, "என்னப்பா நீங்க" என்று மட்டும் கேட்டான்.

மெத்தைக்கு அடியில் இருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு நானும் போனேன். "ஏன் சார், உங்க சட்டையும் ரிட்டயர் ஆயிருச்சா?" என்றார் எதிர்வீட்டு ஆஞ்சப்பன். எல்லோரும் சிரித்தார்கள். கொடி ஏறியது. அங்கே நின்ற பாதிப் பேரின் சட்டை கசங்கித்தான் இருந்தது. இத்தனை வருடம் நான் பார்க்கவில்லை.

17-8-2025, ஞாயிறு

விஜயகுமார் பரிசோதனையை ரத்து செய்துவிட்டான். என்னோடு யாரும் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீரலட்சுமி தட்டை வைக்கிறாள், சோறு போடுகிறாள், பேசுவதில்லை.

24-8-2025, ஞாயிறு

வீரலட்சுமி விஜயகுமாரைப் பரணில் இருந்து பெட்டியை இறக்கச் சொன்னாள். காவியாவின் புதுச் சட்டையும் பழையதும், தன் புடவை ஒன்றும். சூட்டைக் குறைத்து வைத்துத் தேய்த்தாள். கால் மணி நேரம்தான். மற்றதையெல்லாம் உதறி மடித்துவிட்டாள். என் சட்டைகள் ஏழும் கூடையிலேயே கிடந்தன.

நான் தேய்க்கட்டுமா என்று கேட்டேன். சூட்டைப் பருத்திக்குத் திருப்பிவிட்டு நகர்ந்தாள். "உங்களதோட நிறுத்திக்குங்க."

ஒரு சட்டைக்கு இருபத்திரண்டு நிமிடம் ஆனது. தோள் கடுத்தது. காலர் ஓரம் ஒரு மடிப்பு, எத்தனை அழுத்தியும் போகவில்லை. மீதி ஆறையும் நீவி மடித்து வைத்தேன்.

சாயங்காலம் மலைக்கோயிலுக்குக் கிளம்பினோம். அவள் காலரைப் பார்த்தாள். கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கினாள்.

நான்தான் கேட்டருகில் நின்றுவிட்டேன். பிளக்கைப் பிடுங்கினேனா?

"நான் புடுங்கிட்டன், வாங்க" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.