இரவல் லேப்டாப்புக்கு வைத்த பொட்டு

மச்சான்,

இன்று காலை குடோனில் ஒரு லோடு இறங்கியது. சென்னையில் இழுத்து மூடிய ஏதோ ஓர் ஆபீசின் கம்ப்யூட்டர்கள். முதல் பெட்டியைத் திறந்ததுமே பிளாஸ்டிக்கும் பழைய தூசியும் கலந்த அந்த வாசனை வந்தது. "இது ஏசி ரூம் தூசுடா, உன் இரும்புத் தூசு மாதிரி மட்டமா நெனைக்காத" என்பாய். இன்றைக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. உன் நெஞ்சு வலி உன்னைக் கொண்டுபோய் ஒரு வருஷம் ஆகப்போகிறது.

பொன்னேரியில் ஒரே பெஞ்சில் படித்தோம். நான் பத்தாவதோடு நின்று, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கழிவு இரும்பு வாங்கி விற்று ஆளானேன். நீ சாஃப்ட்வேரில் மேனேஜர் ஆனாய். ஒருநாள் கம்பெனி உன்னைக் கூப்பிட்டு, நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றது. லேப்டாப்பையும் அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டது.

வீட்டில் நீ சொல்லவில்லை. வழக்கம்போல் சட்டையை இன் பண்ணி, சாப்பாட்டு டப்பாவோடு ஸ்டேஷனுக்கு வருவாய். சென்னை வண்டியை விட்டுவிட்டு எதிர்ப்பக்க வண்டியில் ஏறி என் குடோனுக்கு வருவாய். தெரிந்தவன் எவனாவது கேட்டால், "இந்தப் பக்கம் ஒரு புராஜெக்ட்." நான் புத்தி சொல்லவில்லை. வியாபாரியிடம் விலை இருக்கும், புத்திமதி இருக்காது. சும்மா உட்கார்ந்தால் மனசு துருப்பிடிக்கும் என்று, இரும்புக் கழிவோடு வந்து கிடந்த பழைய லேப்டாப்புகளை உன் முன்னால் தள்ளினேன். நீயும் ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிட்டாய்.

அப்படியே ஆயுத பூஜை வந்தது.

"மச்சான், ஒரு லேப்டாப் குடுடா. ஒரு நாளைக்குத்தான்."

"இன்னாத்துக்கு?"

"வருஷா வருஷம் ஆபீஸ் லேப்டாப்பைத்தானே பூஜையில வெப்பேன். இல்லன்னா ஊட்ல கேப்பாங்க."

"சாமியவே ஏமாத்தப் போறியா?"

"சாமிக்குத் தெரியும்டா. ஊட்டுக்குத்தான் தெரியாது."

மேலே கிடந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அது ஓடாத சரக்கு. நீ வாங்கிக்கொண்டு போகவில்லை. உட்கார்ந்து பிரித்து, இன்னொன்றின் பாகத்தை எடுத்துப் போட்டு, திரையில் வெளிச்சம் வந்த பிறகுதான் எழுந்தாய். "உயிர் இல்லாத ஆயுதத்துக்கு எப்பிடிடா பொட்டு வெக்கிறது?" என்றாய். பொய் சொல்லப் போகிறவனுக்கு இவ்வளவு நியாயமா என்று சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

மறுநாள் பூஜைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தாய். உன் மனைவியின் தையல் மெஷின், மகளின் புத்தகங்கள், நடுவில் அந்த லேப்டாப். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பக்கத்தில் பொரியும் சுண்டலும். கற்பூரத்தட்டைக் கையில் எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டாய். என்னைப் பார்த்தாய். நான் பொரித்தட்டைப் பார்த்தேன்.

"இது என்னுது இல்ல" என்றாய். "வேலை போயி மூணு மாசம் ஆச்சு."

உன் மனைவி தலை நிமிரவில்லை. "தெரியும். கற்பூரம் அணையப்போவுது, சுத்துங்க."

நீ சுற்றினாய். அப்புறம் அந்தம்மா என் பக்கம் திரும்பி, "ஏசியில உக்காந்திருக்கிறவரு சட்டையில இவ்ளோ உப்பு பூக்குமாண்ணா? தோய்க்கிறவ நான்தானே. டப்பாவும் வழிச்சித் தின்ன மாதிரி வருது. ஆபீஸ் போறச்சே பாதி மிச்சம் வெப்பாரு. அதான் சோத்தைக் கொஞ்சம் சேத்தே போட்டுக்கினு இருந்தேன்" என்றார். உன் மகள், "அப்போ நாளைலேர்ந்து அப்பா சட்டைய இன் பண்ண வாணாம்" என்றாள். அப்போதுதான் நீ அழுதாய்.

அடுத்த நாள் ஸ்டேஷனில், "இன்னா சார், புராஜெக்டா?" என்றவனிடம், "இல்லபா, வேலை போச்சு. எங்கனா இருந்தா சொல்லு" என்றாயாம். எத்தனையோ பேரிடம் அப்படிச் சொல்லித்தான் தொழிற்பேட்டையிலேயே ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. பழைய சம்பளத்தில் பாதிதான். "பாதி சம்பளம், முழு தூக்கம்டா" என்றாய். நான் கணக்குப் பார்க்கிறவன். அந்தக் கணக்கு எனக்கு அன்று பிடிபடவில்லை.

போன வாரம் வேப்பம்பட்டிலிருந்து ஒருவர் சொந்த லேப்டாப்பை விற்க வந்தார். ஃபிளாட்டுக்கு லோன், போன மாதம் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். விலை பேசும் முன்னாடியே, "ஊட்ல சொல்லிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். இப்போதெல்லாம் வாய் தானாகக் கேட்கிறது. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்க யாவாரம் படுத்தா நீங்க சொல்லுவீங்களாண்ணா?"

அவர் கேட்டது சரிதான் மச்சான். இந்த வருஷம் என் இரண்டாவது குடோனை மூட வேண்டியிருக்கிறது. அதுவரை வீட்டில் மூச்சு விட்டிருக்கவில்லை.

அன்று சீக்கிரமே கடையை அடைத்துவிட்டுப் போனேன். என் மனைவி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து சொன்னேன். பாதிக் கீரையை என் பக்கம் தள்ளினாள். இருவரும் ஆய்ந்தோம்.