ஏழாம் மாடிப் பெரட்டு

தெமட்டகொடை,
கொழும்பு.
புதன்கிழமை.

அன்புத் தங்கச்சி விஜயகலாவுக்கு,

நீயும் உன் மகன் சதீஸும், மாசமாக இருக்கும் மருமகள் ரோஷானியும் நலமாக இருக்க முருகனை வேண்டிக்கொண்டு அக்கா எழுதுகிறேன். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். இந்த வீட்டுச் சுவர்கள் மெல்லியவை. நான் சொல்லப்போவது என் மகன் காதில் விழக்கூடாது. எதிர்வீட்டு மஹ்மூதாவின் கணவர் நஜீப் நாளைக்கு வியாபாரமாக ருவான்வெல்லைக்கு வருகிறார். அவர் கையில்தான் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். வாசித்ததும் அவரிடமே பதில் சொல்லிவிடு.

இந்தத் தைப்பொங்கலோடு நாங்கள் கொழும்புக்கு வந்து ஒரு வருடம் முடிந்துவிட்டது. ஊர் ஏக்கத்தில் புலம்புகிறேன் என்று நினைக்காதே. எனக்கு இந்த ஊர் பிடித்துத்தான் இருந்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர். நடந்து போகிற தூரத்தில் வாசிகசாலை. பீலிக்கரையில் வாளியோடு நின்ற காலத்தை நினைத்து நான் ஒரு நாளும் அழவில்லை. உன் அத்தான் ரப்பர் மலையில் வழி தவறி ஓடைப் பக்கம் விழுந்து கிடந்தாரே, அதற்குப் பிறகு நல்ல டொக்டர் பக்கத்தில் இருக்கட்டும் என்று மகன் கஜேந்திரன் கூட்டி வந்ததும் சரியான காரியம்தான். நல்ல டொக்டர்தான் கிடைத்தார். ஆனால் மறதி நோய்தான் டொக்டர் சொல்லைக் கேட்பதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ஏழாம் மாடியில் நீளமாக ஒரு நடை இருக்கிறது. அதன் ஓரமாக வரிசையாகக் கதவுகள். நமது தோட்டத்து லயத்தை, அந்த வீட்டு வரிசையைத் தூக்கி வந்து ஆகாயத்தில் வைத்த மாதிரி. நான் அதை முதல் நாளே பார்த்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவருக்கு அது லயமேதான். தோட்டத்தில் சின்னத்தம்பி கங்காணியாக இத்தனை காலம் செய்ததை, வந்த இரண்டாம் வாரத்திலிருந்து திரும்பவும் செய்யத் தொடங்கிவிட்டார். விடியுமுன் எழும்பி, முகம் கழுவி, குடையை எடுத்துக்கொண்டு, வேலைக்குப் பேர் பதியும் காலைப் பெரட்டுக்கு ஆள் எழுப்புவதாக நினைத்து ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறார். "பெரட்டுக்கு நேரமாச்சு! இன்னும் என்ன படுக்கை?" சிங்களக் குடும்பம் இருக்கும் கதவில், "நெகிட்டின்ன, நெகிட்டின்ன" என்று அவர்கள் பாஷையிலேயே எழுப்புகிறார். அதில் மட்டும் தவறே வருவதில்லை.

மழை நாளில் இன்னும் மோசம். மழையில் ரப்பர் பால் வெட்டு இல்லை அல்லவா? "மழைங்க, வேலை இல்ல, நல்லா படுங்க" என்று கதவு கதவாகச் சொல்லிக்கொண்டு போகிறார். தொடர்மாடிச் சங்கத் தலைவர் என்னிடம் வந்து, "டீச்சர், தூங்குற மனுசனை எழுப்பித் தூங்கச் சொல்றாரே, இதை நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?" என்று கேட்டார். அவர் நல்ல மனிதர். சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். அது முதல் மாதங்களில். இப்போது யாரும் சிரிப்பதில்லை.

உனக்கு ஞாபகம் இருக்கும், கங்காணி கூப்பிட்டால் உள்ளிருந்து ஒரு சத்தம் வர வேண்டும். "வர்றோங்க" என்று கேட்காமல் அவர் அடுத்த கதவுக்கு நகரமாட்டார். அதுதான் இங்கே வந்த வினை. பதில் வராத கதவை அவர் விடுவதே இல்லை. தட்டிக்கொண்டே நிற்கிறார். உள்ளே யாருக்கோ சுகமில்லையோ என்று பயந்து இன்னும் பலமாகத் தட்டுகிறார். நான் கையைப் பிடித்து இழுத்தால், "விடு புள்ள, சத்தம் வரலையே" என்கிறார். கதவைப் பூட்டிச் சாவியை ஒளித்தும் பார்த்தோம். உள்ளிருந்தே கதவில் தலையை மோதினார்.

பதில் சொல்வது மஹ்மூதா மட்டும்தான். விடியற்காலை சுபஹ் தொழுகைக்கு அவர்கள் எப்படியும் எழும்பி இருப்பார்கள். "வாறோம் கங்காணியார், நீங்க போங்க" என்று ஒரு குரல் கொடுப்பாள். உடனே முகம் தெளிந்து அடுத்த கதவுக்குப் போய்விடுவார். இதைப் பார்த்துத்தான் நான் மற்ற வீடுகளுக்கும் போய்க் கெஞ்சினேன். வகுப்பில் சொல்வதுபோல ஓர் உதாரணமும் சொன்னேன். கனவில் பயந்து எழும்பும் பிள்ளையிடம் வாதாடுவோமா, ஆமாம் ஆமாம் என்று முதுகைத் தட்டுவோமா? தலையாட்டினார்கள். யாரும் சத்தம் கொடுக்கவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. உழைத்துக் களைத்துத் தூங்குகிற சனம். ஒரு பையன் மட்டும் அவரைப் போனில் படம் பிடித்து, மாடிக்காரர்களின் குழுவில் போட்டான். கஜேந்திரன் அதைப் பார்த்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை.

போன வெள்ளிக்கிழமை ஒரு கதவு திடீரென்று திறந்தது. கோபத்தில் யாரோ தள்ளினார்கள். விழுந்ததில் நெற்றி பிளந்து தையல் போட்டிருக்கிறது. தையலோடு மறுநாளும் குடையை எடுத்தார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவரை ஒரு முதியோர் இல்லத்தில் விடப்போகிறார்கள். என்னைச் சேர்க்கமாட்டார்களாம், அவரை மட்டும். கஜேந்திரன் கெட்ட பிள்ளை இல்லை, தங்கச்சி. அப்பாவைக் குளிப்பாட்டுவது அவன்தான். "அம்மா, எனக்கு வேற வழி தெரியல்ல" என்று என் மடியில் தலையை வைத்து அழுதான். நானும் சரி என்றுதான் சொன்னேன். பிறகு அந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். சுத்தமான இடம். ஆனால் கதவுகளுக்கு வெளிப்பக்கம்தான் தாழ்ப்பாள். விடியுமுன் அவர் உள்ளே நின்று தட்டுவார். வெளியே சத்தம் கொடுக்க ஆள் இருக்காது. அவர் விடமாட்டார். உனக்குத் தெரியும், விடவே மாட்டார்.

அதனால் சனிக்கிழமை கஜேந்திரன் வேலைக்குப் போனதும் அவரைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறேன். எங்கள் வீட்டைச் சதீஸுக்கு நானாகத்தான் கொடுத்தேன். அதைத் திருப்பிக் கேட்கவில்லை. பிள்ளை பிறக்கப்போகிற வீட்டில் தொல்லை செய்ய எனக்கு மனம் வருமா? முன் இஸ்தோப்புத் திண்ணையில் மறைப்பாக ஒரு சாக்கைத் தொங்கவிட்டுக் கொடுத்தால் போதும். ஓடைப் பயம் உனக்கு இருக்கும், எனக்கும் இருக்கிறது. என் முந்தானையை அவர் சட்டையோடு முடிந்துகொண்டு படுப்பேன். முடியாது என்றால் அதையும் நஜீப்பிடம் சொல்லி அனுப்பு, கோபிக்கமாட்டேன். ஆனால் நாங்கள் எப்படியும் ருவான்வெல்லையில் இறங்கத்தான் செய்வோம். எங்களுக்கு இறங்க வேறு இடம் இல்லை.

ஒன்றே ஒன்று செய்வாயா? இப்போது அங்கே யாரும் கதவு தட்டி எழுப்புவதில்லை, பெரட்டுச் செய்தி போனில் வருகிறது என்றாய். சனிக்கிழமைக்கு முன் லயத்தில் எல்லா வீட்டுக்கும் போய் நான் கேட்டதாகச் சொல்லு. அதில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். யாரும் எழும்ப வேண்டாம், கதவைத் திறக்க வேண்டாம். படுத்த இடத்திலிருந்தே "வர்றோங்க கங்காணி" என்று ஒரு சத்தம் போதும்.

லயத்தில் முதல் கதவு உன்னுடையது. நல்லா இரு தங்கச்சி, உன் பேரப்பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும். ஞாயிறு விடியுமுன் அவர் உன் கதவைத் தட்டுவார். கொஞ்சம் விழித்திரு.

உன் அக்கா,
ஜீவராணி