அசதிப்பட ஒரு தாய்வீடு

என்றும் என் மதிப்புக்குரிய அண்ணிக்கு,

எங்கள் பள்ளி நிர்வாகம் மூன்று நாள் ஆலோசித்து, இரண்டு கூட்டம் போட்டு, ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது. ஏழு மாதக் கர்ப்பிணியான தமிழாசிரியை வகுப்பறையில் உட்காரலாம். பாடவேளைக்கு ஒரு முறை, ஐந்து நிமிடத்துக்கு மிகாமல். நாற்காலி காலையில் அலுவலகத்திலிருந்து வரும், மாலையில் திரும்பிப் போய்விடும். மற்ற ஆசிரியர்கள் இதை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்கிறது சுற்றறிக்கையின் கடைசி வரி. மற்ற ஆசிரியர்களில் நான்கு பேர் ஆண்கள்.

ஆமாம் அண்ணி, எனக்கு ஏழு மாதம். நீங்கள் போன இரண்டாம் வருடம் எனக்குக் கல்யாணம் ஆனது. கொரட்டூரில் வீடு. அவர் நல்ல மனிதர். "நீ ரெஸ்ட் எடு" என்று தினமும் சொல்வார். சொல்லிவிட்டு, துவைத்த சட்டை எங்கே என்று கேட்பார்.

இந்த அசதியை எப்படிச் சொல்வது? நான் நிறையப் படித்தவள், உங்களுக்கே தெரியும். காதலைப் பற்றி, பசியைப் பற்றி, சாவைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன். பல் துலக்கும்போது பாதியில் கை ஓய்ந்து, வாஷ்பேசினில் நெற்றியைச் சாய்த்து நிற்கும் பெண்ணைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. ஜடை பின்ன எனக்கு மூன்று தவணை வேண்டியிருக்கிறது. அம்பத்தூர் ஸ்டேஷன் படிக்கட்டில் நடுவழியில் நின்று போனைக் காதில் வைத்துக்கொள்கிறேன். மூச்சு வாங்கி நிற்பவளை எல்லோரும் இடித்துக்கொண்டு போவார்கள். போன் பேச நிற்பவளுக்குக் கொஞ்சம் வழி விடுவார்கள்.

யாரிடமாவது சொன்னால் எல்லோருக்கும் இருப்பதுதானே என்கிறார்கள். நிறைமாதத்தில் காலையில் களை பறித்து, மதியம் பிள்ளை பெற்று, சாயங்காலம் அடுப்புப் பற்றவைத்த பெண்மணி ஒருவர் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார். கொரட்டூரில் அவர் என் மாமியார். நம் வீட்டில் அம்மா. அப்படிச் செய்து செத்துப்போனவர்கள் வந்து பேச முடியாது என்பதால், பேசுகிறவர்கள் எல்லோரும் பிழைத்தவர்களாகவே இருக்கிறார்கள்.

ஆறாம் மாதம் சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் ஏழு புள்ளி நான்கு. குறைந்தது பதினொன்று இருக்க வேண்டுமாம். நர்ஸம்மா சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

"இன்னாம்மா, ரத்தமே இல்ல உன்னான்ட. இரும்பு மாத்திர போடுறியா, பரண் மேல போட்டு வச்சிக்கிறியா?"

"தினமும் போடுறேன்."

"எதோட முழுங்குற?"

"டீயோட."

"இன்னா வேலை பாக்குற?"

"டீச்சர்."

"நல்லா சொல்லிக் குடுத்த போ. டீயோட போட்டா மாத்திர உடம்புல ஒட்டாது. சோத்துக்கு அப்பால தண்ணியில போடு. எலுமிச்சம்பழம் புழிஞ்சு குடி. டீ வேணும்னா ஒரு மணி நேரம் கயிச்சு. எவ்ளோ நாளா அசதி?"

"நாலு மாசமா. எல்லாருக்கும் இருக்கும்னாங்க."

"எல்லாருக்கும்தான் இருக்கும். அது எல்லாருக்கும் வர்ற அசதியா, ரத்தம் இல்லாத அசதியான்னு பாக்கத்தான இந்த ஊசிய வச்சிக்கினு ஒக்காந்து கீறேன். மூச்சு வாங்குது, தல சுத்துதுன்னா அன்னிக்கே வரணும்."

டீயோடு மாத்திரை போடும் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். நம் அம்மாவின் சேக்காட்டு வீட்டில் காய்ச்சல் மாத்திரை, தலைவலி மாத்திரை எல்லாமே டீயோடுதான் இறங்கும். வெறும் தண்ணீரில் கொடுத்தால் கவனிப்பு இல்லை என்று அர்த்தம். உங்களுக்கும் அம்மா அந்த டீயைத்தான் கொடுத்தார், ஏலக்காய் தட்டிப் போட்டு, மாத்திரையைத் தம்ளர் மூடி மேல் வைத்து. அந்த வீட்டில் உங்களுக்குத் தவறாமல் கிடைத்த உபசாரம் அது ஒன்றுதான்.

மாத்திரை போதாது, வாரம் ஒரு முறை நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். அதற்கு நடுவே வளைகாப்பும் வந்தது. கை நிறைய வளையலோடு ஆவடிக்கு, அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். இப்போது சேக்காட்டில் இருந்துதான் பள்ளிக்குப் போய் வருகிறேன். ஒன்பதாம் மாதம்தான் விடுப்பு.

இங்கே நடப்பதை நீங்கள் பார்க்க வேண்டும் அண்ணி. பள்ளி விட்டு வந்ததும் அம்மா என் செருப்பைக் கழற்றிவிடுகிறார். தட்டு கைக்கு வருகிறது. பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டால் வாசலிலேயே மறிக்கிறார். "என் பொண்ணு அசதியா படுத்துக்கினு கீறா. எய்ப்பாத."

இந்த வாக்கியம் அம்மாவின் வாயில் உண்டு என்றே எனக்குத் தெரியாது. நீங்கள் இங்கே இருந்த காலத்தில் கேட்டதில்லை.

உங்கள் பத்து வயதிலேயே உங்கள் அம்மா போய்விட்டார். உங்கள் அப்பா தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் தனி ஆள். உங்கள் வளைகாப்பில் வளையல் அடுக்கி, ஆரத்தி எடுத்து, ஐந்து வகைச் சாதம் சாப்பிட்ட பிறகு அழைத்துக்கொண்டு போக ஆள் இல்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு நீங்கள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். வளையல் சத்தம் குழந்தைக்கு நல்லது என்றார் அம்மா.

வளைகாப்பு என்பது மங்கல காரியம் என்று நானே வகுப்பில் பாடம் நடத்தியிருக்கிறேன். இப்போதுதான் புரிகிறது. அசதிப்படுவதற்கு அது ஒரு அனுமதிச் சீட்டு. கையெழுத்துப் போட வேண்டியவர் தாய். தாய் இல்லாதவளுக்கு அசதி வரக் கூடாது. வந்தால் அதற்கு வேறு பெயர் வைப்பார்கள். அந்தப் பெயரை வைத்தது அம்மா இல்லை. நான்.

போன வாரம் பீரோவில் புடவை எடுக்கும்போது உங்கள் கர்ப்பகால அட்டை கிடைத்தது. ஐந்தாம் மாதம் ஒன்பது புள்ளி மூன்று. ஆறாம் மாதம் எட்டு புள்ளி நான்கு. ஏழாம் மாதத்துக் கட்டம் காலி. அதற்குப் பிறகு எல்லாமே காலி.

அந்தக் கட்டம் ஏன் காலி என்று நம் இருவருக்கும் தெரியும். "கூட வர்றியாம்மா? தனியா போக பயமா இருக்கு, தல சுத்துது" என்று கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்கள். நான் கட்டிலில் படுத்து நாவல் படித்துக்கொண்டிருந்தேன். அதில் நாயகி ஜன்னலோரம் இருமிக்கொண்டிருந்தாள். அவளுக்காக என் கண் கலங்கியிருந்தது. தலையைத் தூக்காமல், "நாளைக்குப் போலாம் அண்ணி" என்றேன். நீங்கள் நகர்ந்ததும் அம்மாவிடம் போய், "அண்ணிக்கு நடிப்பு நல்லா வருது" என்றேன். அம்மா சிரித்தார். மறுநாள் விருந்தாளி வந்தார்கள். அதற்கு மறுநாள் நீங்கள் கேட்கவில்லை. ஏன் அண்ணி, இன்னொரு முறை கேட்டிருக்கக் கூடாதா? கேட்டிருந்தால் மட்டும் நான் எழுந்திருப்பேனா?

பிரசவத்தில் போன ரத்தத்தைத் தாங்க உடம்பில் மிச்சம் ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். வீட்டில் விதி என்றார்கள். நானும் தலையாட்டினேன். விதிக்கு அன்று பி.ஏ. இரண்டாம் வருடம்.

உங்கள் யாழினிக்கு ஆறு வயது. முன்பல் இரண்டு விழுந்துவிட்டது. உங்களைப் போலவே உதட்டைக் கடித்துக்கொண்டு யோசிக்கிறாள். ஞாயிறு மதியம் நான் படுத்திருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அத்த, எங்கம்மாவும் வயித்துல நான் இருக்கும்போது இப்டியே தூங்குவாங்களா?"

அம்மா கதவோரம் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

"இல்ல கண்ணு. அவங்கள யாரும் படுக்கச் சொல்லல" என்றேன்.

"கொயந்தகிட்ட இன்னாடி பேச்சு இது?"

"கேட்டா, சொன்னேன்."

அம்மா இன்னொரு பல்லை எடுத்து உரித்தார். பிறகு பூண்டைப் பார்த்தே சொன்னார். "என்னை யார்டி படுக்கச் சொன்னா? மூணு பெத்தேன். யாரும் சொல்லல. அதான் எனக்கும் சொல்லத் தெர்ல." முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் டீ வாசனை வந்தது. சமையலறையில் இருந்தே குரல் கொடுத்தார். "மாத்திர போட்டு ஒரு மணி நேரம் ஆச்சா?"

இதை மன்னிப்பு என்று நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நானும் மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. கேட்டால் நீங்கள் "பரவாயில்லம்மா" என்று சொல்லிவிடுவீர்கள். நீங்கள் உயிரோடு இருந்தபோது அதிகம் சொன்ன வார்த்தை அதுதான்.

அதனால் ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். நான்கு இரும்பு ஊசி போட்டாகிவிட்டது, இன்னும் மூன்று. ஒன்றையும் தள்ளிப்போட மாட்டேன். எப்படி இருக்கிறாய் என்று யார் கேட்டாலும் முடியவில்லை என்றே சொல்வேன், பள்ளியிலும் கொரட்டூரிலும். இன்னும் இருபது வருடம் கழித்து யாழினி கதவைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டால், கையில் எந்தப் புத்தகம் இருந்தாலும் எழுந்து போவேன். நான் இருந்தால்.

நேற்று மறுபடி ரத்தம் எடுத்தார்கள். எட்டு புள்ளி ஒன்று.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்,
யாழினியின் அத்தை