மூன்றாம் பக்கத்தில் ஆமோஸ்

ஷெஃபீல்ட், 1888

ஏப்ரல் 7, சனி

இந்த வாரமும் என் வீட்டுக்காரர் நலமாக இருக்கிறார். மூன்றாம் பக்கம், குதிரை ஏல விளம்பரத்துக்குக் கீழே, அவர் சொன்னதைப் பெட்டி கட்டிப் போட்டிருக்கிறார்கள். அரை நாள் வேலை முடிந்ததும் பத்திரிகையை வாங்கிக்கொண்டு ஓடிவந்து, தலைத்துணியைக்கூட அவிழ்க்காமல் அடுப்படியில் நின்றே படித்தேன்.

"நான் ஆமோஸ் ரெவிட். முள்கரண்டிக்குச் சாணை பிடிக்கும் தொழிலாளி. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கி நடுவிலேயே உட்கார்ந்துவிடுவேன். டாக்டர் ஆர்ம்ஸ்லியின் நெஞ்சமுதம் நான்கு புட்டி குடித்தேன். கோடை முழுவதும் சிறுவனைப் போல விளையாடினேன். இப்போது நான் பாடும் பாட்டைத் தாங்க முடியாமல் என் மனைவி காதைப் பொத்திக்கொள்கிறாள்."

கடைசி வரி மட்டும்தான் அவர் வாயிலிருந்து வந்தபடியே இருக்கிறது. மற்றதெல்லாம் மருந்துக் கம்பெனியின் லண்டன் ஏஜெண்டு சீவிச் சிங்காரித்தது. அந்த விளையாட்டு விஷயம் அந்த ஆளுக்கு விளங்கவே இல்லை. தண்ணீர் இல்லாமல் சக்கரம் நின்று வேலை இல்லாமல் போனால், இங்கே நாங்கள் 'விளையாடுகிறோம்' என்றுதான் சொல்வோம். போன கோடையில் ரிவெலின் ஆறு வற்றிப்போய் சாணைச் சக்கரம் ஓடவில்லை. 'கோடை பூரா விளையாடிக்கிட்டிருக்கேன்' என்று இவர் சொல்ல, அவன் கோலிக்குண்டு என்று நினைத்துக்கொண்டான். அச்சில் பார்த்த அன்று இவர் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது.

அவரைப் பிப்ரவரியில் புதைத்தோம். பத்திரிகைக்கு அது தெரியாது. நான் போய்ச் சொல்லப்போவதும் இல்லை.

ஏப்ரல் 9, திங்கள்

இந்த டைரியும் மருந்துக்காரர்கள் அவருக்கு இனாமாக அனுப்பியதுதான். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு வரி அச்சடித்திருக்கிறார்கள். இன்றைய வரி: "இருமலா? இனி இல்லை." இல்லைதான். வீடு இருக்கிற அமைதிக்கு அந்த இருமல் திரும்பி வந்தால்கூடத் தேவலை.

ஏப்ரல் 12, வியாழன்

கரண்டி மெருகு போடுகிற எங்களுக்குத் தலையில் சிவப்புத் துணி, காலில் பழைய பத்திரிகைத்தாள். மணலும் எண்ணெயும் தெறித்துத் தெறித்து மாலைக்குள் தாள் கறுத்துப்போகும். காலையில் பெஞ்சில் உட்கார்ந்து ஆளாளுக்குத் தாளைச் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் இருந்த பெஸ் தன் தாளில் எதையோ பார்த்துவிட்டு வாயை விட்டாள்.

"ஏ தெர்சா, உன் புருஷன் என் முட்டி மேல ஏறி உக்காந்திருக்கான் பாருடி."

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அதுதான் ஆச்சரியம். அவர் இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு மாதம் ஓட்டியிருப்பார். பிறகுதான் பெஸ்ஸுக்குத் தான் சொன்னது உறைத்தது. முகம் தொங்கிவிட்டது. கட்டிய கயிற்றை அவிழ்த்து, அந்தப் பெட்டியை மட்டும் கிழியாமல் கிள்ளி எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"நாள் பூரா எண்ணெயில நனையணுமா அவரு? நீயே வச்சுக்க."

மார்புத்துணிக்குள் வைத்துக்கொண்டேன். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் வியர்வையில் 'பாடும்' என்ற சொல் மட்டும் கலங்கியிருந்தது. அழுதேன். யாருக்கு வெட்கம், அழுதேன்.

ஏப்ரல் 21, சனி

என்ன சொல்லிவிட்டேன்? எந்தப் பேய் என் நாக்கில் உட்கார்ந்தது?

மத்தியானம் கதவு தட்டியது. இருபத்தைந்து வயதுகூட இருக்காது, லாக்ஸ்லி பள்ளத்தாக்கிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். செருப்பெல்லாம் சேறு. பேர் லெட்டி ஹாலம். அவள் வீட்டுக்காரர் சேத் என்பவரும் முள்கரண்டிக்காரர்தான். அவருக்கும் நெஞ்சு பிடித்துக்கொண்டது. உட்கார்ந்தபடியேதான் தூங்குகிறாராம். பத்திரிகையைக் கையில் மடித்து வைத்திருந்தாள்.

"அண்ணன் இருக்காருங்களா அக்கா? ஒரே ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிடுறேன்."

அண்ணன் இருக்காரா. யாரும் என்னிடம் அப்படிக் கேட்டு எத்தனை நாளாயிற்று. கொஞ்ச நாளாகத் தெருவில் எல்லோரும் 'பாவம்' என்பதைச் சேர்க்காமல் அவர் பேரையே எடுப்பதில்லை. இந்தப் பெண் ஏதோ அவர் கொல்லைப்பக்கம் கை கழுவிக்கொண்டிருப்பது போலக் கேட்டாள்.

"வெளிய போயிருக்காரு" என்றேன்.

அவள் ஆணியில் தொங்கிய தொப்பியைப் பார்த்தாள். இன்று குளிரில்லையே, தொப்பி போடாமலே போயிருப்பார் என்று அவளே சமாதானம் செய்துகொண்டாள். டீ போட்டுக் கொடுத்தேன். நிஜமாகவே தேறிவிட்டாரா என்று கேட்டாள். நாலு புட்டியில் மூச்சு வந்தது உண்மை. பாடினதும் உண்மை. அதை எல்லாம் சொன்னேன். அவர் எந்தப் பாட்டுப் பாடுவார், எந்த இடத்தில் சுருதி விடுவார் என்பதுவரை சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அவர் சந்துமுனையில் திரும்பி வருகிற மாதிரி இருந்தது.

கல்யாணக் கம்பளியை அடகு வைத்தாவது வாங்கிவிடுவேன் என்று சொல்லிப் போனாள். போகும்போது என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள்.

ஏப்ரல் 22, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. போயிருந்தால் எந்த முகத்தோடு பாடியிருப்பேன்.

அவரை ஒரு மத்தியானம் வெளியே அனுப்பி வைத்தேன். அவ்வளவுதானே? மருந்து வேலை செய்ததே. பொய் சொன்னது ஒரே விஷயத்தில்தான். அந்த ஒரே விஷயம் எது என்று எழுதக் கை வரவில்லை.

மே 5, சனி

மூன்றாம் பக்கம். நலம்.

மே 19, சனி

சந்தையில் ஓட்ஸ் ரொட்டிக்காரியிடம் நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் இடுப்பைக் கட்டிக்கொண்டது. லெட்டி. முகமெல்லாம் பல்.

"நீங்க சொன்ன மாதிரியே ஆச்சு அக்கா. மூணாவது புட்டி ஓடுது. நேத்து ராத்திரி படுத்துத் தூங்கினாரு. படுத்து, அக்கா."

என் வயிற்றிலும் பால் வார்த்த மாதிரிதான் இருந்தது. வேலைக்குப் போகிறாரா என்று ஏதோ கேட்கவேண்டும் என்று கேட்டேன்.

"எங்க போறது? மதகு உடைஞ்சு, சக்கரம் ஓட்டுற குட்டை வத்திக் கிடக்கு. உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போன மறுநாள்லேருந்து விளையாடிக்கிட்டுத்தான் இருக்காரு. இந்தப் பெந்தெகொஸ்தே லீவு முடிஞ்சதும் தண்ணி விடுறாங்களாம்."

ரொட்டியைக் கையில் வாங்கினேனா, இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. அண்ணனுக்கு ரொட்டியா என்று அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். தலையை ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்து பத்திரிகையை விரித்தேன். கோடை முழுவதும் விளையாடினேன். எத்தனை தடவை இதைப் படித்திருக்கிறேன். லண்டன்காரனுக்குப் புரியவில்லை என்று நாங்கள் சிரித்தோமே, எங்களுக்கு என்ன புரிந்தது? ராணிக்கு விழா எடுத்த அந்தக் கோடையில் ஆறு வற்றியது. சக்கரம் நின்றது. இவர் சாணைக்கல் தூசியை விட்டு வெளியே வந்தார், ஆற்றங்கரையில் படுத்துக் கிடந்தார், மூச்சு வந்தது. செப்டம்பரில் மழை. குட்டை நிரம்பியது என்று எவ்வளவு சந்தோஷமாகத் தொப்பியை மாட்டிக்கொண்டு போனார்! நானும்தான் சந்தோஷப்பட்டேன், ரொட்டிக்கு வெண்ணெய் வாங்கினேன். கிறிஸ்துமஸுக்குள் மாடியேற முடியவில்லை. புட்டி அப்போதும் தலைமாட்டில் இருந்ததே. காலியாக விட்டேனா நான்? ஒரு வேளைகூடத் தவறவில்லையே. அப்படியானால் —

மருந்து இல்லை. விளையாட்டுத்தான்.

அதை அவரே சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஊருக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மே 20, ஞாயிறு

லெட்டியிடம் சொல்லவேண்டும். சொன்னால் முதலில் அவர் செத்துப்போனதைச் சொல்லவேண்டும்.

அவள் ஒருத்திதான் ஆமோஸ் வெளியே போயிருக்கிறார் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். அவளும் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

மே 21, திங்கள்

போனேன்.

பெந்தெகொஸ்தே லீவு. ஊரே புது வெள்ளை உடுத்திக் கொடி பிடித்துப் பாடிக்கொண்டு பூங்காவுக்கு இறங்கியது. நான் ஒருத்தி மட்டும் துக்கக் கறுப்பில், எதிர்ப்பக்கமாக மேடு ஏறினேன். கறுப்பு உடையைப் பார்த்ததுமே லெட்டி வாசலில் நின்றுவிட்டாள். இதற்கு முன் அவள் பார்த்த இரண்டு தடவையும் வேலைத்துணியில் இருந்தேன், அவளுக்குத் தெரிந்திருக்காது.

சேத் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒல்லி, சிரித்த கண். எழுந்து நாற்காலியைத் தள்ளிப் போட்டார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லியிருக்க மாட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், பிப்ரவரியிலிருந்து ஆரம்பித்து, ஆறு வற்றினதுவரை பின்னால் போய். மருந்தை நம்பிக் கல்லுக்குத் திரும்பாதீர்கள் என்றேன்.

சேத் தான் முதலில் வாயைத் திறந்தார். குரலில் கோபம்கூட இல்லை.

"பத்து வயசுல கல்லுல உக்காந்தேன். அதை விட்டுட்டு நான் என்ன பண்ணுவேன், நீங்களே சொல்லுங்க. பாடப் போகவா?"

லெட்டி சிரிக்கவில்லை. என்னைக் கதவுவரை கொண்டுவந்து விட்டாள். வெளியே கால் வைத்த பிறகுதான் பேசினாள்.

"உங்க வீட்டுலேருந்து திரும்பி வந்த அன்னிக்குத்தான் நான் தூங்கினேன். உங்களை நம்பித் தூங்கினேன்."

கதவைச் சாத்திவிட்டாள். அறைந்து சாத்தியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகத்தான் சாத்தினாள், உள்ளே நோயாளி இருக்கிறாரே.

இறங்கி வரும்போது பூங்காவில் ஊரே சேர்ந்து பாடுவது கேட்டது. அத்தனை குரலில் ஒரு குரலைத் தேடினேன். பைத்தியம்தான்.

மே 26, சனி

லெட்டிக்கு மட்டும் சொன்னால் போதுமா? மற்ற வீடுகளில் எத்தனை லெட்டிகள் இந்தப் பக்கத்தை மடித்து வைத்திருக்கிறார்களோ. பத்திரிகை ஆபீசுக்குப் போனேன். மேசையில் இருந்த இளைஞன் மரியாதையாகத்தான் பேசினான். விளம்பரம் கம்பெனியுடையது அம்மா, அச்சை ஈயத்தில் வார்த்தே அனுப்புகிறார்கள், நாங்கள் ஒரு எழுத்தைக்கூடத் தொட முடியாது என்றான். கம்பெனிக்கு எழுதுங்கள் என்றான்.

வெளியே வந்ததும் எனக்கு வந்தது நிம்மதி. அதை ஒளிக்க முடியாது. அப்பாடா, இன்னும் கொஞ்ச நாள் இருப்பார் என்று நினைத்தேன்.

மே 27, ஞாயிறு

கம்பெனிக்கு எழுதினேன். மூன்று தடவை கிழித்து எழுதினேன். "என் கணவர் இறந்துவிட்டார், தயவுசெய்து அவரைப் பேசவிடாதீர்கள்." இதைத்தான் எழுதினேன். இந்தக் கையால்.

ஜூன் 2, சனி

இருக்கிறார். இன்னும் பாடுகிறார்.

ஜூன் 16, சனி

வேலை விட்டு வெளியே வந்தால் வாசலில் லெட்டி. பெஸ் என்னை முன்னால் தள்ளிவிட்டுத் தான் இரண்டடி பின்னால் நின்றுகொண்டாள், அடி விழுந்தால் பிடிக்க.

தண்ணீர் விட்டதும் சேத் கல்லுக்குப் போய்விட்டாராம். மருந்தும் குடித்துக்கொண்டுதான் போனார். ஒரு வாரம்கூட ஆகவில்லை, மறுபடியும் உட்கார்ந்து தூங்க ஆரம்பித்துவிட்டார். லெட்டி புட்டியை எடுத்து மதகுத் தண்ணீரில் எறிந்துவிட்டாள். அவருடைய வேலைக்கால்சட்டையையும் எறிந்துவிட்டாள்.

"ஆத்தோட போச்சு. இப்ப எதைப் போட்டுக்கிட்டுப் போவாருன்னு பாக்கலாம்னு சொல்லிட்டேன்."

பெஸ் பின்னாலிருந்து சிரித்துவிட்டாள். லெட்டியின் மாமாவுக்கு மேட்டில் பத்து மாடு இருக்கிறது. இப்போது சேத் பால்வண்டி ஓட்டுகிறார். கிடைப்பது பாதிக்கும் கீழே. சக்கரத்துக்காரர்கள் வழியில் பார்த்தால் மாடு மாதிரி 'ம்மா' என்று கத்துகிறார்களாம். இருமல் இருக்கிறது, போகாது என்று அவளுக்கே தெரியும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்றாள், அவ்வளவுதான்.

ஜூலை 7, சனி

இல்லை.

மூன்றாம் பக்கம், நாலாம் பக்கம், பின்பக்கம், பிறப்பு இறப்புப் பகுதி எல்லாம் தேடினேன். அவர் இருந்த பெட்டியில் நார்விச் ஊர்க்காரி ஒருத்தி. அவளுக்கு முதுகுவலி போய்விட்டதாம். என் கடிதத்தால் எடுத்தார்களா, இல்லை ஆள் மாற்றும் முறை வந்துவிட்டதா, தெரியாது. பதில் ஒன்றும் வரவில்லை.

அந்த நார்விச் அம்மா உயிரோடு இருக்கட்டும்.

நான் கேட்டதுதானே நடந்திருக்கிறது. பிறகு ஏன் இப்படி இருக்கிறது? பிப்ரவரியில் பெட்டியின் மேல் மண் போட்டபோதுகூட இப்படி இல்லை. அன்றைக்குச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள், சனிக்கிழமைப் பத்திரிகை என்று ஒன்றும் இருந்தது.

ஜூலை 15, ஞாயிறு

லெட்டி வீட்டுக்குப் போனேன்.

போகும்போதே மழை. சேத் விடியலிலேயே வண்டி ஓட்டிவிட்டு வந்து, சாப்பிட்டுவிட்டு, சுவரோரம் பெஞ்சில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவேண்டாம் என்று சைகை காட்டினேன். லெட்டி டீ ஊற்றினாள், கொழுப்பு தடவிய ரொட்டி வைத்தாள். மாடு, மழை, பெஸ்ஸின் வாய் என்று மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தோம்.

பேசிக்கொண்டே இருந்தவள் நடுவில் என் கண் போகும் இடத்தைப் பார்த்துவிட்டாள். நான் சேத்தின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டைப் பொத்தான் ஏறுகிறது, நிற்கிறது, கொஞ்சம் கரகரக்கிறது, இறங்குகிறது. மறுபடியும் ஏறுகிறது. அடுத்தவள் புருஷனை இப்படி வெறித்துப் பார்ப்பது என்ன மரியாதை என்று எனக்கே தெரிந்தது. கண்ணை எடுக்க முடியவில்லை.

லெட்டி கோப்பையைக் கீழே வைத்தாள். எழுந்து, நான் நன்றாகப் பார்க்கும்படி தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.