மல்லேகுண்டே ஸ்டேஷன் மாஸ்டர் வீடு

8 ஜூன் 2003, ஞாயிறு

தொம்மலூர் வீட்டை நரேஷ் விற்றுவிட்டான். பெற்ற பிள்ளை! இனி காக்ஸ் டவுனில் மகள் வீட்டுச் சோறு.

தமயந்தியின் புருஷன் கிளாரன்ஸ் சர்ச்சுக்குப் போய் வந்து எனக்குக் காபி போட்டுக் கொடுத்தான். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் ரிஜிஸ்டர் ஆபீசில் என் மகளைக் கட்டிக்கொண்டவன். அவன் மறந்திருப்பான். நான் மறப்பேனா? காபியை சிங்க்கில் கொட்டினேன்.

15 ஜூன்

கிளாரன்ஸ் கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டுகிறான். நாற்பது வயதுக் கழுதைக்கு ரயில் விளையாட்டு. வெள்ளைக்காரன் காலத்து சர்வே மேப்பை எங்கேயோ பிரதி எடுத்து வந்திருக்கிறான். அதன் மேலேயே கோடு இழுத்து, கழற்றி எறிந்த தண்டவாளத்தை மறுபடி போடுகிறானாம்.

"எலகங்காவிலேர்ந்து சிக்கபள்ளாபூர் போச்சே, அந்தச் சின்ன ரயில்மா. நீ பொறந்த லைன்" என்றாள் தமயந்தி.



16 ஜூன்

கூப்பிட்டுக் காட்டினான். மல்லேகுண்டே ஸ்டேஷன். அப்பா அங்கே கேங்மேன், தண்டவாள வேலை. மேப்பில் கிணற்றுக்கு ஒரு நீல வட்டம், அதை ஒட்டி ஒரு சின்னக் கட்டம். அதைப் பார்த்து அப்படியே ஓட்டு வீடு கட்டி வைத்திருக்கிறான். அதேதான். ஸ்டேஷன் மாஸ்டர் வைத்தீஸ்வரன் வீடு. அவர் பெண்டாட்டி ஜகதாம்பாள் — பெயரை எழுதினாலே கை எரிகிறது.

எங்கள் குடிசைகள் இருந்த இடத்தில் வெறும் புல். மேப்பில் இல்லையாம்.

"அத்தை, இந்த வீடு சரியா இருக்கா?"

"வீடா? அங்க ஏது வீடு? கரிச் சாம்பல் கொட்ற பள்ளம் அது."

"மேப்புல இருக்கே."

"மேப் போட்டவன் அங்க குடியிருந்தானா? நான் இருந்தேன்."

ஒரு தட்டு தட்டினான். வீடு போச்சு. ஓடு, வாசல், ஜகதாம்பாள் எல்லாம் போச்சு.

17 ஜூன்

நன்றாகத் தூங்கினேன்.

6 ஜூலை

குடிசைகள் எந்தப் பக்கம், வாசல் எந்தப் பக்கம் என்று நச்சரிக்கிறான். மறந்துபோச்சு என்றேன். நானாவது மறப்பதாவது. இவனுக்கு எதற்குச் சொல்ல வேண்டும்?

27 ஜூலை

அந்த லைனை இன்டர்நெட்டில் போட்டுவிட்டான். யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டலாமாம். சுதீர் என்று ஒருவன் எழுதியிருக்கிறான்: என் அம்மா ஸ்வர்ணா பிறந்த வீடு அந்தக் கிணற்றை ஒட்டி இருந்தது, அது எங்கே?

ஸ்வர்ணா. ஜகதாம்பாள் பெற்ற பெண். ரெட்டைப் பின்னல், பட்டுப் பாவாடை.

மேப் பார்க்கத் தெரியாதவன் என்று வேறு நாலு பேர் கிளாரன்ஸைக் கேலி செய்திருக்கிறார்கள். தான் எழுதிய பதிலை எனக்குத் தமிழில் சொன்னான்: மேப் தப்பாக இருக்கலாம், என் அத்தை அங்கேயே வளர்ந்தவர், அவர் ஞாபகம் தப்பாது.

எனக்காகப் பேசு என்று இவனை யார் கேட்டது?

3 ஆகஸ்ட்

வந்தே விட்டாள் ஸ்வர்ணா, மகனைப் பிடித்துக்கொண்டு. முழங்கால் போய்விட்டது. பேச்சு போகவில்லை.

"அப்பா போனது அந்த வீட்டுலதான். ஒரு போட்டோ கூட இல்லை நேக்கு. இவன் ரயிலை விட்டுண்டு போறான், கிணறு வர்றது, வீடு வரலை. கண்ணை மூடறதுக்குள்ள ஒரு தரம் பார்த்துடறேனே."

பேசாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை.

"கிணறு ஞாபகம் இருக்குதா? அதுக்குக் கயிறு எங்கன்னு ஞாபகம் இருக்குதா?"

"கயிறா?"

"உங்கம்மா எறச்சு முடிச்சதும் கயித்த கழட்டி வீட்டுக்குள்ள எடுத்துட்டுப் போயிடுவாங்க. நாங்க தொட்டுடக் கூடாதுன்னு. எங்கப்பன் எறங்கி வெட்டுன கிணறு அது."

"அம்மா எல்லாருக்கும் ஊத்துவாளே! நான் பார்த்திருக்கேனே."

"ஊத்துனாங்க. கொடத்த கீழ வெச்சுட்டு நாங்க தள்ளி நிக்கணும். எங்கம்மா புள்ள பெத்துக் கெடந்தா. நான் கொடத்தோட உங்க வாசல்ல நின்னேன். ரெண்டு ரயிலு போச்சு. கதவு தொறக்கல."

ஸ்வர்ணா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். கிளாரன்ஸ்தான் மெதுவாகக் கேட்டான்.

"அப்போ வீடு இருந்துச்சா, அத்தை?"

என் வாயே என்னைக் காட்டிக் கொடுத்தது. பாழாய்ப் போன வாய்.

4 ஆகஸ்ட்

கிளாரன்ஸ் தட்டை மட்டும் என் பக்கம் தள்ளினான். தமயந்தி விடுவாளா?

"ஊரே சிரிச்சப்போ உன் பேச்ச நம்பி நின்னாரும்மா. கயிறு கயிறுன்றியே, அவரு ஊத்துற காபிய தெனம் சிங்க்ல கொட்றியே, அது என்ன? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

வாய்! யாரைக் கொண்டு பிறந்ததோ.

10 ஆகஸ்ட்

அவனாகவே வந்து உட்கார்ந்தான். "வீட்ட திரும்ப வெக்கணும், அத்தை."

"வெய்யி. யாரு புடிச்சா?"

குடிசைகளைச் சொன்னேன். வரிசை, வாசல், முருங்கை மரம், அப்பா கடப்பாரை சாத்தும் இடம். ஒவ்வொன்றாக வைத்தான். புல் போச்சு. பிறகு கிணற்றைக் காட்டினான். ராட்டினம் போட்டு, கயிறும் வாளியும் தொங்கவிட்டிருந்தான்.

"நல்லா இருக்கா?"

"கயித்த எடு."

"கயிறு இல்லாத கெணறா? ரயில் ஓட்றவங்க ஏன்னு கேப்பாங்களே."

"கேக்கட்டும்."

என்னையே பார்த்தான். எடுத்துவிட்டான்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

சுதீர் போன் செய்தானாம். வீட்டைப் பார்த்து ஸ்வர்ணா அழுதாளாம். அழட்டும். ரயிலை நிறுத்தச் சொல்லி வெகு நேரம் பார்த்தாளாம். கிணத்துக்கு மட்டும் கயிறு போடல போலிருக்கே என்று சுதீர் சொன்னானாம்.

"உள்ளே இருக்கும்டா. பாட்டி எடுத்து வெச்சிருப்பா" என்றாளாம்.

மாப்பிள்ளைதான் வந்து சொன்னார். கையில் காபியோடு. சர்க்கரை ஜாஸ்தி. சொல்லிவிட்டேன்.