வாரம் ஒரு கரண்டி கீரை

செப்டம்பர் 18, புதன்
புரட்டாசி பிறந்துவிட்டது. இனி ஒரு மாதம் வீட்டில் கறி, மீன் கிடையாது. என் மனைவி கொளஞ்சியம்மாள் பக்கவாதம் வந்து விழுந்து நான்கு மாதம் ஆகிறது. வலது கை இன்னும் வரவில்லை. வாயில் ஒரே சொல்தான் மிச்சம்: "வேணாம்." தண்ணீர் கொடுத்தாலும் வேணாம்; பிறகு குடித்துவிடுகிறாள். இருபத்தாறு வருஷத்தில் என்னிடம் எதையும் வேண்டாம் என்று சொல்லாதவள்.

செப்டம்பர் 20, வெள்ளி
பெரம்பலூர் காலேஜிலிருந்து மகள் ஹேமலதா போன் செய்தாள். மூளையில் அடைப்பு வந்தால் ஒருவித நச்சு கிளம்பி நல்ல நரம்பையும் அரிக்குமாம். கீரையிலும் நெல்லிக்காயிலும் இருக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் அதைத் தடுக்கக்கூடுமாம்.

"எலிக்குத்தாம்பா பாத்திருக்காங்க. மனுசங்களுக்கு இன்னும் உறுதியாகல."

எலிக்கு ஆனது இவளுக்கு ஆகாதா? இங்கே ஆலத்தியூர் ரோடு முழுக்க முருங்கைதான்.

செப்டம்பர் 25
ஷிப்ட் முடிந்து வந்து தினமும் கீரை உருவுகிறேன். இலையெல்லாம் தூசி, நாலு தண்ணீர் அலச வேண்டியிருக்கிறது. உடம்பு அசந்துபோகிறது. "வேணாம்" என்றாள். ஊட்டினேன்.

அக்டோபர் 3, வியாழன்
திருச்சியில் ரத்தம் பரிசோதிக்க வேண்டிய நாள். லீவு கிடைக்கவில்லை. அடுத்த வாரம் போகலாம். டாக்டர் கொடுத்த மாத்திரை ஒரு வேளைகூடத் தவறவில்லையே.

அக்டோபர் 9
காலையில் வாய் மறுபடியும் கோணிக்கொண்டது. ஆம்புலன்ஸில் திருச்சி.

அக்டோபர் 11, வெள்ளி
"சாப்பாட்டுல ஏதாச்சும் மாத்துனீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லைங்க சார். புரட்டாசி, கறி இல்ல. தினமும் கீரைதான்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ரத்தம் கட்டாமலிருக்கக் கொடுக்கும் அந்த மாத்திரையின் வேலையைக் கீரை குறைத்துவிடுமாம். கீரை கெடுதல் இல்லை, ஆனால் எப்போதும் ஒரே அளவாக இருக்க வேண்டுமாம். கறி சாப்பிட்டு, கீரை அதிகம் தொடாத மாதத்தில் அளந்து கொடுத்த மாத்திரை அது.

"மூணாந்தேதி வந்திருந்தா ரத்தத்துலயே தெரிஞ்சிருக்கும்ங்க."

சாப்பாட்டை மாற்றாதீர்கள் என்று முதலிலேயே சொன்னார்தான். கீரையைப் போய் யார் மாற்றம் என்று நினைப்பார்கள்? அய்யோ, நானே என் கையால்—

அக்டோபர் 12
ஹேமலதா அழுதாள். "நான் சொல்லியே இருக்கக் கூடாதுப்பா."

"நீ முழுசாத்தாம்மா சொன்ன. நான்தான் பாதிய கேட்டேன்."

அவள் சமாதானம் ஆகவில்லை. நானும்தான்.

நவம்பர் 3, ஞாயிறு
தீபாவளி போய்விட்டது. வீட்டுக்கு வந்து ஒரு வாரம்; அந்த ஒரு சொல்லும் இன்னும் வரவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார்: வாரம் ஒருநாள், ஒரு கரண்டி கீரை. கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

இன்று அளந்து பிசைந்து கொண்டுபோனேன். கரண்டியைக் கண்டாலாவது சொல்வாளே என்று காத்திருந்தேன். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். தண்ணீர் கொடுத்தேன். அதையும் பேசாமல் குடித்தாள்.

வேணாம்னு ஒரு தடவ சொல்லேன், கொளஞ்சி.