நாக்கடியில் ஒதுக்கிய மாத்திரை

மைசூர், 1953

அம்மாவுக்கு, மகன் சென்னியப்பன் கும்பிட்டு எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வீக்கம் எப்படி இருக்கிறது?

எனக்கும் அதே வீக்கம்தான். ஆஸ்பத்திரியில் புது மாத்திரையைச் சோதித்துப் பார்க்க ஆள் கேட்டார்கள், நானாகச் சேர்ந்தேன். சாப்பாடு நன்றாகப் போடுகிறார்கள், பயப்பட வேண்டாம்.

காலை மாத்திரையை விழுங்கிவிடுவேன். சாயங்கால மாத்திரையை நர்ஸ் பார்க்காமல் நாக்கடியில் ஒதுக்கி, உங்களுக்காகச் சேர்த்து வைத்திருக்கிறேன். இன்று டாக்டர் என் முழங்காலை அழுத்திப் பார்த்து, "வீக்கம் வடியவே இல்லையே, ஒழுங்கா முழுங்கறியா?" என்றார். தலையாட்டினேன்.

பக்கத்துக் கட்டில்காரர், "ஒப்பிட்டுப் பார்க்கறதுக்காகப் பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாவு மாத்திரைதான் தர்றாங்க, யாருக்கு எதுன்னு சொல்ல மாட்டாங்க" என்கிறார்.

நம் ஊர் கௌதள்ளிக்கு வரும் மாமாவிடம் சேர்த்த மாத்திரைகளைக் கொடுத்தனுப்புகிறேன். நான் போர்த்திக்கொள்ள உங்கள் பழைய சேலை ஒன்றை அவரிடம் கொடுத்துவிடுங்கள். நர்ஸ் வருகிறார், நிறுத்துகிறேன். வலி குறைந்தாலும் குறையாவிட்டாலும் யாரையாவது எழுதச் சொல்லுங்கள். எனக்குத் தருவது மருந்தா மாவா என்று உங்கள் முழங்கால்தான் சொல்ல வேண்டும்.